மூன்றங்குலக் குழாயும் பதினான்கு ஆங்கிலச் சொற்களும்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். இதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த நேரத்தில்தான் உப்புநீரின் அடர்த்தியை, எங்கள் பேச்சில் டிகிரியை, பார்க்கும் கண்ணாடிக் குழாயை உப்புநீரிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டு, நோட்டில் நேரத்தை எழுதினேன். எழுதிப் பேனாவை மூடுவதற்குள் கரைக்குக் கீழேயிருந்து என் மகளின் குரல் வந்தது.

"அப்பா, கை வரல."

அதன் பிறகு நடந்தவற்றில் எது முதலில், எது பிறகு என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். சென்ற வாரம் இந்தப் பத்தியில் பள்ளி ஆய்வகத்துக் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். அதன் மீதியை எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா அங்கே போக மறுக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எட்டிப் பார்த்தேன். நிவேதா கரையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கை முழங்கை வரைக்கும், கரைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய்க்குள் இருந்தது.

"விளையாடாதம்மா."

"விளையாடலப்பா. நெஜமாவே வரல."

இறங்கி ஓடினேன். ஓடிப் போய் நான் செய்த முதல் காரியம், இழுத்தது.

எங்கள் இடம்

மரக்காணத்தில் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அப்பா விட்டுப்போன சில உப்புப் பாத்திகளும் கையில் இருக்கின்றன. கோடை விடுமுறையில் முழுநேரமும், மற்ற நாட்களில் சனி ஞாயிறும் அங்கேதான் கிடப்பேன். உப்பு வாருவது அஞ்சலையக்கா. நான் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே எங்கள் பாத்தியில் இருப்பவர்.

மேல் பாத்தியில் வெயில் குடித்துக் கெட்டியான தண்ணீர், கரைக்கு அடியில் புதைத்த பிளாஸ்டிக் குழாய் வழியாகக் கீழ்ப் பாத்திக்கு இறங்கும். கீழ்ப் பாத்தியில்தான் உப்பு விளையும். தண்ணீருக்குப் பதம் வரும்வரை குழாயின் கீழ் வாயைச் சாக்குச் சுருட்டி அடைத்து வைப்போம். அன்று காலை நான் அடைத்த சாக்கு கொஞ்சம் பெரியது. வாயில் நிற்காமல் பிதுங்கியது. உப்பு வாரும் பலகையின் காம்பால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினேன். மாலையில் பதம் வந்தது. சாக்கு வரவில்லை. கம்பிக்கும் பிடிபடாமல் உள்ளே போயிருந்தது.

அதை எடுக்கத்தான் நிவேதா கையை விட்டாள்.

ஒரு கட்டுச் சொற்கள்

நிவேதாவுக்கு இருபத்திரண்டு வயது. ஆங்கில இலக்கியம் படித்தவள். செல்போனில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் ஒரு செயலிக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வாரம் ஒரு கட்டுச் சொற்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் தமிழில் விளக்கமும் ஒரு வாக்கியமும் எழுதி அனுப்ப வேண்டும். சொற்களைப் பொருள்வாரியாகப் பிரித்துத்தான் கொடுப்பார்கள். ஒரு வாரம் கோபப்படுவதற்கான சொற்கள், இன்னொரு வாரம் மழைக்கான சொற்கள்.

அந்த வாரம் வந்தது, பொருந்தாத இடத்தில் ஒன்றை வலிய நுழைப்பதற்கான சொற்கள். மொத்தம் பதினான்கு. எங்கள் வீட்டில் மூன்று நாட்களாக அதே பேச்சு.

"அப்பா, க்ராம்னா என்னா சொல்லுவ?"

"பரீட்சைக்கு மொத நாள் எங்க பசங்க செய்யறது."

"அது ஒண்ணு. பைக்குள்ள துணிய அமுக்கி அமுக்கி அடைக்கிறதும் க்ராம்தான். ஸ்டஃப்னாலும் அதான். ஜாம்?"

"பிரிண்டர்ல பேப்பர் சிக்குமே, அது."

"வெட்ஜ்?"

"ஆப்பு."

"ராம்?"

"அந்தப் பேருல எனக்கு ஒரு ஸ்டூடண்ட் இருக்கான்."

முட்டி மோதித் திணிப்பதற்குத்தான் ராம் என்று பெயராம். இப்படிப் போகும். சொற்களோடு சில தொடர்களும் இருந்தன. வட்டமான ஓட்டையில் சதுர முளை என்று ஒன்று. அந்த இடத்துக்கு ஒத்துவராத ஆளைச் சொல்வதாம். நம் ஊரில் சதுரமாக முளை செதுக்குகிற தச்சன் யார், அப்படி ஒருவன் இருந்தாலும் அதை ஏன் வட்ட ஓட்டையில் வைக்கப் போகிறான் என்று கேட்டேன். டின்னில் அடைத்த மத்தி மாதிரி என்று இன்னொன்று, நெரிசலுக்குச் சொல்வது. அதற்கு நானே வாக்கியம் சொன்னேன். அனுமந்தையிலிருந்து வரும் மீன்காரப் பெண்கள் கூடையில் மத்தியைக் கொட்டும்போது பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் அமுக்குவதில்லை, மீன்களே வழுக்கி வழுக்கித் தங்களுக்குள் இடம் பிடித்துக்கொள்ளும், அதனால் அது திணிப்பதில் சேராது என்றேன். நிவேதா சிரித்துக்கொண்டே அதையும் எழுதி அனுப்பினாள். "இயல்பாக இல்லை" என்று திரும்பி வந்துவிட்டது.

அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. பி.எட். படித்து ஆசிரியை ஆனால் கடைசிவரை நிம்மதி என்று நினைத்தேன். விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்திருந்தேன். அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வீட்டில் பேச்செடுத்தால் அவள் அம்மா கலா நடுவில் வந்துவிடுகிறாள் என்பதால், காற்றாட உட்கார்ந்து பேசலாம் என்று அன்று பாத்திக்கு அழைத்துப் போனேன். விண்ணப்பம் என் பையில் இருந்தது. அது அவளுக்கும் தெரிந்தே இருந்தது.

இழுத்தது

நான் கையைப் பிடித்து இழுத்தேன். அஞ்சலையக்கா உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார். நிவேதா ஒரே ஒரு முறை கத்தினாள்.

"வளையல் மாட்டுதுப்பா. உள்ள எதுலயோ மாட்டுது."

ஐம்பொன் வளையல். மாசி மகத்துக் கடைவீதியில் கலா வாங்கி வந்தது. மகளை அழைத்துப் போகாமல் கண்ணளவில் வாங்கியதால் ஓர் அளவு சின்னதாகிவிட்டது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் கலாவுக்கு மனம் வரவில்லை. கையில் சோப்பைத் தடவி, கட்டைவிரல் எலும்பை உள்ளங்கைக்குள் மடக்கி, பிசைந்து பிசைந்து ஏற்றிவிட்டாள். ஏறிய பிறகு அது இறங்கவே இல்லை.

சோப்பு என்றதும் எனக்குப் பொறி தட்டியது. மோட்டார் கொட்டகையில் துணி சோப்பு இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவந்து, பாத்தித் தண்ணீரை அள்ளி ஊற்றித் தேய்த்தேன். நுரையே வரவில்லை. தயிர் திரிந்தது போல வெள்ளை வெள்ளையாகக் கட்டி விழுந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

"சார்," என்றார் அஞ்சலையக்கா. "உப்புத் தண்ணியில என்னிக்கு சார் சோப்பு நுரைச்சுது?"

உப்புநீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை என்பதை இருபத்தைந்து வருடங்களாகக் கரும்பலகையில் எழுதிக்காட்டி வருகிறேன். என் மகளின் கைக்கு முன்னால் அந்தப் பாடம் என் நினைவில் இல்லை.

குடிக்கிற தண்ணீர் அரை பாட்டில் இருந்தது. அதையும் ஊற்றிப் பார்த்தோம். மோட்டாருக்கு வைத்திருந்த இன்ஜின் ஆயிலைக் கொண்டுவந்து குழாய்க்குள் விட்டேன்.

"என்னை வறுக்கப் போறியாப்பா?" என்று கேட்டாள் நிவேதா.

வளையல் அசையவில்லை. கரையை வெட்டிக் குழாயை வெளியே எடுக்கலாமா என்று அஞ்சலையக்கா மண்வெட்டியோடு வந்தார். மேல் பாத்தியில் தண்ணீர் முட்ட நின்றது. கரை உடைந்தால் அத்தனையும் அவள் முகத்தில்தான் அடிக்கும். மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொன்னேன்.

இரவல் ஷூ

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. ஏன் வருகிறது என்று தெரியவில்லை.

எனக்கு முதல் வேலைக்கான நேர்முகத்தேர்வு வந்தபோது என்னிடம் ஷூ இல்லை. சித்தப்பா மகனிடம் இரவல் வாங்கினேன். அவன் கால் என் காலைவிடச் சின்னது. ஷூவுக்குள் குதிகாலை இறக்குவதற்கென்று நாக்கு மாதிரி ஒரு தகடு கடைகளில் வைத்திருப்பார்களே, அதற்கு ஆங்கிலத்தில் ஷூஹார்ன் என்று பெயர். நிவேதாவுக்கு வந்த சொற்களில் அதைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்று நான் எவர்சில்வர் கரண்டியின் காம்பைப் பயன்படுத்தினேன்.

தேர்வு நல்லபடியாக முடிந்தது. திரும்பி வந்து பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினால், வரவில்லை. கால் வீங்கிவிட்டது. முகம் சிவக்க இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்மணி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏம்பா, ஷூ மேல உனக்கு என்னா அவ்ளோ கோவம்?" என்று கேட்டார். பிறகு தன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். "சும்மா இரு. தொடாத." இரண்டு பேருந்துகள் போன பிறகு ஷூ தானாகக் கழன்றது.

நிவேதாவுக்கு இந்தக் கதையைப் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். அன்று மாலை எனக்கு அது ஞாபகம் வரவில்லை. நான் மறுபடியும் இழுத்தேன்.

மூன்றாவது குவியல்

எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதிலும் குழப்பம். முதலில் ஆம்புலன்ஸ். அவர்கள் தீயணைப்பு நிலையத்தைச் சொன்னார்கள். அங்கே ஒருவர் நிதானமாகக் கேட்டார்.

"எந்த உப்பளம் சார்? எல்லாம் ஒரே மாதிரிதான இருக்குது."

எங்கள் ஊரில் பாத்திக்கு வழி சொல்ல ஒரு முறை இருக்கிறது. சாலையோரம் உப்பைக் குவித்து ஓலை வேய்ந்து வைத்திருப்போம். அந்தக் குவியல்களை எண்ணித்தான் வழி சொல்வது. நானும் அப்படியே சொன்னேன். "பெரிய வளைவு தாண்டி மூணாவது குவியல். அங்கேர்ந்து உள்ள வந்தா மோட்டார் கொட்டகை."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இருபது நிமிடம் கழித்து, ரொம்ப தூரத்தில், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கரையில் சிவப்பு வண்டி ஒன்று திரும்புவது தெரிந்தது.

"அங்க ஏன் போறாங்க?" என்றேன்.

அஞ்சலையக்கா சாலைப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காலையில மொத குவியலை லாரியில ஏத்திட்டாங்களே சார். நீங்கதான நின்னு பாத்தீங்க."

ஆமாம். நின்று பார்த்தேன். ஓலையைப் பிரித்ததும், உப்பை வாரி ஏற்றியதும், தரையில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியதும் என் கண்முன் நடந்தவை. என் கணக்கில் அந்தக் குவியல் அங்கேயே நின்றது. அவர்கள் இருப்பதை எண்ணிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

மறுபடி போன் செய்தால் எடுக்கவில்லை. அஞ்சலையக்கா முக்காட்டுத் துண்டை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு கரை கரையாக ஓடினார். அறுபதை நெருங்குகிறவர். உப்புக்குப் பழகிய அந்தக் கால்கள் வழுக்கவில்லை.

நானும் நிவேதாவும் மட்டும் இருந்தோம்.

பேச்சும் பேச்சின்மையும்

"அப்பா, இதுக்கு எந்த வார்த்தை போடலாம் சொல்லு. ஜாமா, வெட்ஜா?"

"பேசாம இரும்மா. அலட்டிக்காத."

"பேசாம இருந்தா பயமா இருக்குது."

அதனால் பேசினோம். நான் ஜாம் என்றேன். அவள் இல்லை என்றாள். ஜாம் என்றால் ஓடிக்கொண்டிருந்த ஒன்று நடுவில் சிக்குவது. வெட்ஜ் என்றால் இரண்டுக்கு நடுவில் இறுகிப்போவது. தனக்கு இரண்டுமே நடந்திருப்பதால் செயலிக்காரர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாள். நான் சிரிக்க முயன்றேன். சாக்கிலிருந்து கசிந்த உப்புநீர் அவள் கையில் உரசிய இடங்களில் பட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்.

"பையில ஃபார்ம் வச்சிருக்கதான?"

"அத விடும்மா இப்ப."

"கையெழுத்துப் போடாம தப்பிக்க இதவிட நல்ல வழி கெடைக்காதுப்பா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அது விளையாட்டா, இல்லையா? இத்தனை நாளாகியும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

பிறகு விரல்கள் மரத்துவிட்டன என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றாள். கன்னத்தைக் கரை மண்ணில் சாய்த்துக்கொண்டாள்.

"ஷூஹார்ன்னு ஒண்ணு சொன்னியே," என்றேன். "அதுக்கு வாக்கியம் எழுதிட்டியா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நிவே."

அவள் மூச்சு விடுவது தெரிந்தது. அவ்வளவுதான். பதினான்கு சொற்களில் எனக்கு ஞாபகமிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன், வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிப்பது போல. ஒன்றுக்கும் அவள் பதில் கொடுக்கவில்லை.

யார் சொன்னது

அந்த நேரத்தில்தான் ஒரு கேள்வி என்னைப் பிடித்தது. இன்னும் விடவில்லை. அவளைக் கையை விடச் சொன்னது யார்?

பிறகு வீட்டில் கலா கேட்டபோது நிவேதா, "நானாத்தான் விட்டேன், அப்பா டிகிரி பாத்துக்கிட்டு இருந்தாரு," என்றாள். அஞ்சலையக்கா தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்கிறார். எனக்கு மட்டும் என் குரல் கேட்கிறது. "உன் கை சின்னதுதான, எட்டுதான்னு பாரு." இதை நான் அன்று சொன்னேனா, வேறு ஏதாவது ஒரு நாள் சொன்னேனா, அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தபோது நானே கட்டிக்கொண்டேனா? சொன்ன ஞாபகமும் இருக்கிறது, சொல்லாத ஞாபகமும் இருக்கிறது.

கலாவுக்குத் தன் வளையல்தான் காரணம் என்று எண்ணம். நிவேதா சாக்கின் மேல் பழி போடுகிறாள். குழாயைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

போன வருடம் ஒரு டிராக்டர் கரைமேல் ஏறி அந்தக் குழாயை உடைத்துவிட்டது. உடைந்த துண்டுக்குப் பதில் புதுத் துண்டு வாங்கினேன். இரண்டையும் சேர்க்கும் மூட்டு கடையில் இல்லை. இரண்டும் மூன்றங்குலம்தான், ஒன்றுக்குள் ஒன்று போகாது. ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் மூட்டுக்காகக் காத்திருப்பதில்லை. பனையோலையைக் கொளுத்தி, ஒரு குழாயின் வாயை அதில் காட்டி, அது இளகும்போது இன்னொன்றை உள்ளே வைத்து முழு பலத்தோடு சொருகிவிடுவோம். ஆறியதும் கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். நானும் அப்படித்தான் செய்தேன். ரம்பத்தால் அறுத்த விளிம்பை அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்க்கவில்லை. மண்ணுக்குள் போகிற குழாய்க்கு எதற்கு அழகு என்று நினைத்தேன்.

இதை நான் எழுதும்போது நிவேதா பக்கத்து அறையில் தட்டச்சு செய்கிறாள். இடது கை வேகமாகவும் வலது கை நிதானமாகவும் கேட்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன. வந்துவிடும், நாளாகும் என்கிறார் மருத்துவர். விண்ணப்பம் என் பையிலேயே இருக்கிறது. உப்புநீர் பட்டு எழுத்தெல்லாம் ஊறிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கலாமா வேண்டாமா என்று நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

வந்தவர்

மணி ஆறுக்கு மேல் இருக்கும். கரையில் காலடிச் சத்தம் கேட்டது. முன்னால் அஞ்சலையக்கா. பின்னால் காக்கி உடுப்பில் நான்கு பேர், வரிசையாக. அவர்கள் வண்டியின் அகலத்துக்கு எங்கள் கரை போதவில்லை. தொலைவில் நிறுத்திவிட்டுக் கருவிகளைச் சுமந்துகொண்டு நடந்தே வந்திருக்கிறார்கள். அந்த நால்வரில் முதலில் வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். சேறு வழுக்கியதால் பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

பூட்ஸை ஓரமாக வைத்தார். நிவேதாவின் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"பேர் என்னாம்மா?"

நீண்ட நேரத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள். "நிவேதா."

"விரலை ஆட்டு பாக்கலாம். ஆடுதா? ஆடலன்னாலும் பரவால்ல."

"தெரியல சார்."

அவர் டார்ச்சை அடித்து, அவள் கைக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு தோளுக்குக் கீழே சிவந்து கன்றியிருந்த இடத்தைப் பார்த்தார். அவள் முழங்கைக்கு மேலே என் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

"யாரு சார் இழுத்தது?"

"நான்தான்."

"இந்தப் பைப்ப ஒட்டுப் போட்டது?"

"அதுவும் நான்தான்."

"எது எதுக்குள்ள சொருகியிருக்குது? ஞாபகம் பண்ணிச் சொல்லுங்க. இந்த வாய்ப்பக்கத்துத் துண்டு உள்ள போச்சா, அந்தத் துண்டு இதுக்குள்ள வந்துதா?"

அன்று முழுவதும் என்னிடம் கேட்கப்பட்டவற்றில் எனக்கு விடை தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். பனையோலைப் புகையும், கை சுட்டதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் தள்ளியதும் அப்படியே நினைவுக்கு வந்தன.

"இது உள்ள போச்சு," என்றேன். "இதைத்தான் அதுக்குள்ள திணிச்சேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். குழாயைப் பிடித்திருந்த என் கையைத் தன் கையால் மெதுவாக எடுத்து அப்பால் வைத்தார்.

"அப்ப வளையல் அந்த விளிம்பத் தாண்டிப் போய் மாட்டியிருக்குது, இந்தப் பக்கம் விடாது சார். எவ்ளோ இழுத்தாலும் விடாது," என்றார். "நிவேதா, பயப்படாத. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளும்மா."